ஒன்பதாம் கட்டம்

பதினோரு வருடம் நான் ஒரே நேரத்தில் மூன்று பேராக இருந்தேன். மூவருக்கும் வயது இருபத்தொன்பது, மூவருமே ஆறடி, மூவருக்குமாகச் சேர்த்து நூற்று நாற்பது பிள்ளைகள். இப்படி ஆரம்பித்தால் எவரும் நம்பமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். காவல் நிலையத்தில் நீங்கள் வெள்ளைத்தாளைக் கொடுத்து, நடந்ததைக் கைப்பட எழுதச் சொல்லிவிட்டீர்கள். கட்டம் போட்ட படிவமாகத் தந்திருந்தால் எனக்கு இன்னும் சௌகரியமாக இருந்திருக்கும். முப்பத்து நாலு வருடம் ஓர் அலுவலகத்தில் விண்ணப்பங்களைச் சரிபார்த்தவன் நான். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். பெற்ற தாய் விண்ணப்பித்தாலும் திருப்புவேன்; ஒரு தடவை திருப்பியும் இருக்கிறேன்.

போன மாதம் ஓர் ஆவணப்பட இயக்குநர் என் வீட்டுக்கு வந்தார். முப்பது வயதுப் பெண். மருத்துவமனைக்குப் போகாமல், இணையத்தில் பேசிவைத்துக்கொண்டு விந்து தானம் கொடுக்கிறவர்களையும் வாங்குகிறவர்களையும் பற்றிப் படம் எடுக்கிறார். வாங்கியவர்கள் முகத்தை மறைத்துக்கொண்டு பேசினார்களாம். கொடுத்தவர் ஒருவரும் அகப்படவில்லையாம். நானே மின்னஞ்சல் போட்டு வரவழைத்தேன். கேமராவை அவரே பிடித்தார். கூட ஓர் ஒலிப்பதிவாளர் மட்டும். நாற்பது வயது இருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என்னை முறைத்தார்.

"ஃபேனை நிறுத்துங்க."

"புழுங்குமே தம்பி."

"புழுங்கட்டும். புளுகு தெளிவா பதிவாகணும்."

நான் சிரித்தேன். என் சட்டையில் மைக்கைக் குத்தும்போது அவர் விரல் நகம் கழுத்தில் கீறியது. மன்னிப்புக் கேட்கவில்லை.

"மொத்தம் எத்தனை குழந்தைங்க சார்?" என்று இயக்குநர் தொடங்கினார்.

"நூத்தி நாப்பது."

"ஒரு சைபரைக் குறைச்சுக்கச் சொல்லுங்க மேடம்" என்றார் மூலையில் இருந்தவர்.

ருசிக்காகக் கொஞ்சம் கூட்டிச் சொல்வது என் சுபாவம். உண்மையில் ஐம்பத்திரண்டுதான். அதையும் சொன்னேன். இயக்குநர் கேமராவிலிருந்து முகத்தை எடுத்தார்.

"சார், நீங்க பேசுறது கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆதாரம் இல்லாம படத்துல வைக்க மாட்டேன். சாயங்காலத்துக்குள்ள ஏதாவது ஒண்ணு காட்டுங்க. இல்லேன்னா மொத்தமா வெட்டிடுவேன்."

அது எனக்குச் சுருக்கென்றது. ஐம்பத்திரண்டு பேருக்குத் தகப்பனாக இருந்துவிட்டு, ஒரு படத்தின் ஓரத்தில்கூட இல்லாமல் போவதா.

ஆகவே எல்லாவற்றையும் சொன்னேன். இணையத்தில் நான் உருவாக்கிய மூவரில் ஒருவர் மருத்துவர், ஒருவர் கணக்குப் பேராசிரியர், ஒருவர் நீச்சல் வீரர். முகங்களைச் சட்டை விளம்பரங்களிலிருந்து எடுத்தேன். மருத்துவர் நகைச்சுவையே பேசமாட்டார். கணக்குக்காரர் எதைக் கேட்டாலும் எண்ணில் பதில் சொல்வார். நீச்சல்காரர் காலை நாலரைக்குத்தான் பதில் போடுவார்; அவருக்காக நான் அலாரம் வைத்து எழுந்தேன். மருத்துவரைத்தான் எல்லோரும் கேட்டார்கள். மற்ற இருவருக்கும் அதில் சற்று மனத்தாங்கல்கூட உண்டு.

ஒப்படைக்க நான் போவேன், அவர்களுடைய பெரியப்பாவாக. மூடி போட்ட சின்ன டப்பாவைக் கம்பளிக் காலுறையில் சுற்றி, சூடு ஆறாமல் அக்குளில் இடுக்கிக்கொண்டு பேருந்தில் உட்கார்ந்திருப்பேன். பேருந்து நிலையத்தின் பின்வாசலில் பெண்டாட்டி மட்டும் காத்திருப்பாள்; புருஷன் முகம் காட்டாமல் தள்ளி வண்டியில் இருப்பார்.

"டாக்டர் வரலீங்களா?"

"டியூட்டிம்மா. அவன் சாப்பிடக்கூட நேரமில்லாம ஓடுறான்."

அந்தப் பெண்கள் என்னைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். என் உயரம் ஐந்தடி மூன்று. ஒருத்தியும் என்னை ஏற இறங்கப் பார்த்ததில்லை.

எதையும் நான் வாய்ப்பேச்சாகச் செய்யவில்லை. வாங்குகிறவர்களுக்கு இருபத்து நாலு கட்டப் படிவம். கொடுக்கிறவருக்குத் தனியாக ஒரு தகவல் தாள். அதைப் பூர்த்தி செய்து அவர்களுக்கு அனுப்பிவைப்பேன். அந்தப் படிவங்களையாவது காட்டுங்கள் என்றார் இயக்குநர். முடிந்த கோப்புகளை மூன்று வருடத்தில் அழித்துவிட வேண்டும் என்பது எங்கள் அலுவலக விதி. நானும் அழித்துவிட்டேன். எல்லா விலாசங்களும் வேண்டும் என்று நீங்கள் நேற்று மேசையைத் தட்டினீர்கள். விதி விதிதான்.

தகவல் தாளின் ஒன்பதாம் கட்டம்: குடும்பத்தில் பரம்பரைக் குறைபாடு எவருக்கேனும் உண்டா. அந்தக் கேள்வியைச் சேர்த்தது நான்தான். அது இல்லாமல் தாள் முழுமையாகாது.

என் அக்காவுக்கும் தம்பிக்கும் பிறவியிலேயே காது கேட்காது. எனக்கு இடது காது அலங்காரத்துக்கு மட்டும். எங்கள் வீட்டில் நெற்றிக்கு மேலே ஒரு கொத்து முடி வெள்ளையாகவே பிறக்கும். காதுக் கோளாறு பெரும்பாலும் அதோடு சேர்ந்தே வரும். பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அந்த வாகு இறங்கும் என்று ஒரு பெரிய மருத்துவர் என் அப்பாவிடம் எழுதியே கொடுத்தார். அதனால் என்ன. என் அக்கா தையல் இயந்திரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தே, அடுத்த தெருவில் லாரி திரும்புவதைச் சொல்வாள். அவளைப்போய்க் குறை என்று ஒரு கட்டத்தில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

குறை என்று சொன்னது என் மனைவிதான். கல்யாணமான பத்தாம் நாள் என் வீட்டாரைப் பார்த்துவிட்டு வந்து, காப்பி ஆறுகிறது என்று சொல்வதுபோல, "நமக்குப் பிள்ளை வேண்டாம்" என்றாள். ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். நான் கோபப்படவில்லை. இருபத்து நாலு வருடம் கோபப்படாமலேயே அவளோடு இருந்தேன். அவள் இறந்த மறுமாதம் கணினி வாங்கினேன்.

"அந்த ஒன்பதாம் கட்டத்துல என்ன எழுதுனீங்க?" என்று இயக்குநர் கேட்டார்.

"எழுதலம்மா. கோடு போட்டேன்."

போட்டும் காட்டினேன். காலிக் கட்டத்தை விட்டால் யாராவது பின்னால் எதையாவது நுழைத்துவிடுவார்கள். வெறும் கோடு போட்டாலும் நீட்டிவிடுவார்கள். ஆகவே இடது முனையில் கீழ்நோக்கி ஒரு கொக்கி, வலது முனையில் மேல்நோக்கி ஒரு கொக்கி, நடுவில் ஒரு புள்ளி. உலகத்தில் என்னைத் தவிர எவரும் அப்படிக் கோடு போடுவதில்லை.

ஒலிப்பதிவாளர் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு மேசைக்கு வந்தார்.

"இன்னொரு தடவ போடுங்க."

போட்டேன். வெகுநேரம் அதையே பார்த்தார்.

"பதினேழாவது கட்டம் காலின்னு எங்க படிவத்தை ரெண்டு தடவ திருப்பி அனுப்புனது நீங்கதானா?"

"பதினேழு, தாய்மாமன் உயரம். காலியா விட்டா திருப்பத்தானே செய்வாங்க."

"என் பொண்டாட்டிக்குக் கூடப் பொறந்தவங்களே கிடையாது."

"அப்போ கோடு போட்டிருக்கணும் தம்பி."

இயக்குநர் கேமராவை இறக்கப் போனார். "ஓடட்டும் மேடம்" என்று அவர் கையை நீட்டித் தடுத்தார். பிறகு என் இடது பக்கம் வந்து நின்று ஏதோ சொன்னார். அவர் உதடு அசைந்ததாக இயக்குநர் பின்னால் சொன்னார். நான் திரும்பவில்லை. என் தலையைப் பிடித்து, நெற்றிக்கு மேலே சாயம் போட்ட முடியைப் பிரித்தார். அடியில் ஒரு விரற்கடை வெள்ளை. வியர்வையில் கறுப்புச் சாயம் அவர் விரலில் ஒட்டியது.

அவர் என்னிடம் பேசவில்லை, இயக்குநரிடம்தான் பேசினார். குரலை உயர்த்தவும் இல்லை.

"எம் பொண்ணுக்கு இதே எடத்துல வெள்ளை மேடம். அழகா இருக்குன்னு ரிப்பன் கட்டி விட்டோம். அப்பா வழில யாருக்காவது காது கேக்காதான்னு டாக்டரம்மா மூணு தடவ கேட்டாங்க. பீரோவுல இருந்த தாளைக் கொண்டுபோய் அந்தக் கோட்டைக் காட்டி, இல்லவே இல்லைன்னேன். சோதனை எதுவும் வேணாம்னு தூக்கிட்டு வந்துட்டேன். கூப்பிட்டா திரும்ப மாட்டா. திமிருன்னு நெனச்சேன். மூணு வயசு வரைக்கும், கூப்பிட்டும் வரலைன்னு அடிச்சிருக்கேன். அவளுக்கு ஏன்னே தெரியாம அடி வாங்குனா."

குழந்தைக்குக் கணக்கு வருகிறதா என்று நான் கேட்டேன். ஏன் எல்லோரும் அப்படிப் பார்த்தார்கள் என்று இன்னும் விளங்கவில்லை. எங்கள் அக்கா கணக்கில் புலி.

அவர் மூலைக்குத் திரும்பிப் போனார். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார். மைக்கைத் தன் வாயருகே கொண்டுவந்தார்.

"ஆதாரம் கேட்டீங்களே மேடம், பதிவு பண்ணிக்குங்க. இந்தாளு சொன்னது பொய்யா இருக்கணும்னு காலையிலேர்ந்து வேண்டிக்கிட்டிருந்தேன். பொய் இல்ல. நடந்துச்சு. என் வீட்டுலயே நடந்துச்சு."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தப் பதினோரு வருடத்தையும் சேர்த்துச் சொல்கிறேன்: என்னை முழுசாக நம்பிய முதல் மனிதர் அவர்தான்.