பல் டாக்டரோட பெட்டி

சாயங்காலம் அஞ்சே முக்கால். மழை நாள், அதனால அப்பவே இருட்டு. மெயின் ரோட்டுல இருந்து பிரிஞ்சு போற ஒத்தை ரோடு... ரெண்டு பக்கமும் ஆளுயரப் புல்லு, ஒரு விளக்குக் கம்பம்கூட கிடையாது. அந்த ரோட்டுல ஒரு பொம்பள தனியா ஸ்கூட்டர்ல போயிட்டிருக்காங்க. வீட்டுக்கு இல்ல, ஆபீசுக்கு. போனை மேசை மேலயே வச்சிட்டுக் கிளம்பிட்டாங்க.

யாருன்னா... என்கூட ரெண்டு வருஷம் ஒரே ரூம்ல இருந்தானே நெட்டையன், அவனோட கூடப்பொறந்த அக்கா. அவன் வாயைத் திறந்தா பாதி புளுகுதான், ஒத்துக்கறேன். ஆனா இதைச் சொல்லும்போது அவன் என் மூஞ்சியவே பாக்கல.

அந்த ரோடு முடியற எடத்துல சின்ன ப்ளேன் எறங்கற ஓடுபாதை ஒண்ணு. நாலு பேர் உக்கார்ற ப்ளேன்... காசு இருக்கறவங்க சொந்தமா வச்சிருப்பாங்களே, அது. பக்கத்துலயே ஒரு கம்பெனி. அந்த ப்ளேன்ல வழி காட்டற பெட்டி செய்யற கம்பெனி. பெட்டின்னா கார் ரேடியோ அளவுதான். போகவேண்டிய எடத்தை அதுல போட்டுட்டா, இன்னும் எத்தனை மைல் இருக்குன்னு பச்சை நம்பர்ல காட்டும். கிட்ட வர வர நம்பர் குறையும். அவ்வளவுதான் அதோட வேலை.

ரிப்பேருக்கு வர்றதெல்லாம் இருபத்தஞ்சு வருஷத்துக்கு முந்தின பெட்டிங்க. செஞ்ச கம்பெனிக்கே அலுத்துப்போய், ஒருநாள் எல்லாருக்கும் லெட்டர் போட்டுட்டாங்க... இந்தத் தேதிக்கு மேல பழைய மாடலுக்கு ரிப்பேர் கிடையாது, பார்ட்ஸ் கிடையாது, புதுசு வாங்கிக்கோங்கன்னு. அக்காவுக்கு அங்க காலைல ரிப்பேர் மேசை, மத்தியானம் போன். லெட்டர் போனப்புறம் போனை எடுத்தாலே வசவுதான்.

திட்டாத ஆள் ஒருத்தர் இருந்தார். ரிட்டையர் ஆன பல் டாக்டர். பழைய ப்ளேன், பழைய பெட்டி. லெட்டர் வர்றதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே அவர் பெட்டியை ரிப்பேருக்கு அனுப்பியிருந்தார். நம்பர் தெரியற கண்ணாடி செத்துப்போச்சு. மாத்தக் கண்ணாடி இல்லன்னு அலமாரில தூக்கி வச்சிட்டாங்க.

பதினோரு தடவ போன் பண்ணியிருக்கார். "என்னம்மா, நம்ம பேஷன்ட் எந்திரிச்சானா?"ன்னுதான் ஆரம்பிப்பாராம். அக்கா எழுதிக் குடுத்ததை அப்படியே படிப்பாங்க... "பார்ட்ஸ் வந்ததும் தெரியப்படுத்தறோம் சார். உங்க பொறுமைக்கு நன்றி."

இங்கதான் ஒரு உறுத்தல். கண்ணாடி இருந்துச்சு. அதே அலமாரில கீழ்த்தட்டு... காயலான் கடைக்குன்னு ஒதுக்கின ஒரு பெட்டிக்குள்ள, நல்லாவே இருந்துச்சு. கழட்டி மாட்ட அரை மணி நேரம் ஆகும். ஆனா பேப்பர் இல்லாம ஒண்ணுல இருந்து எடுத்து இன்னொண்ணுல போடக்கூடாதுன்னு ரூல். ஒரு தடவ மேனேஜர்கிட்ட கேட்டாங்க. "நமக்கெதுக்கும்மா வேண்டாத வம்பு"ன்னார். அக்காவும் விட்டுட்டாங்க.

கடைசியா ஒரு வியாழக்கிழமை போன் பண்ணார்.

"சனிக்கிழமை நானே வந்து எடுத்துக்கறேம்மா. சரியானாலும் ஆகாட்டியும் பரவால்ல."

"பெட்டி இல்லாம எப்படி சார் பறந்து வருவீங்க?"

"மேப் இருக்கு, கண்ணு இருக்கு. அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தானே வந்தோம்."

சனிக்கிழமை மேகம் தரையைத் தொடற மாதிரி எறங்கிடுச்சு. அவர் கிளம்பினது தெரியும்... வந்து சேரல. மூணு வாரம் தேடினாங்க. ஒரு துண்டு தகரம் கிடைக்கல. அவரோட வீட்டம்மா போன் பண்ணி, "பெட்டி இனிமே வேண்டாம்மா"ன்னு மட்டும் சொல்லிட்டு வச்சிட்டாங்களாம்.

பதினாலு மாசம் கழிச்சு... அந்த சாயங்காலம்.

ஆபீஸ்ல ஒருத்தரும் இல்ல. ரிப்பேர் ரூம் கதவைத் திறந்தா குப்புன்னு ஈர மண் வாசனை. கூடவே பெட்ரோல். லைட்டைப் போடப் போன கை அப்படியே நின்னுடுச்சு... ஏன்னா அலமாரில ஏற்கனவே வெளிச்சம். பச்சை வெளிச்சம்.

டாக்டரோட பெட்டி. ஒயர் கிடையாது, கரண்ட் கிடையாது, கண்ணாடி செத்துப்போன பெட்டி. அதுல தொண்ணூத்தாறு.

அக்கா கிட்டப் போய்ப் பாக்கறாங்க. தொண்ணூத்தஞ்சு. கொஞ்ச நேரம்... தொண்ணூத்திநாலு. போகவேண்டிய எடம்னு கீழ எழுத்து. அது அவங்க நிக்கற எடத்தோட பேரு.

பெட்டி அலமாரியை விட்டு நகரல. ஆனா ப்ளேன்ல இருந்தா எப்படிக் காட்டுமோ அப்படிக் காட்டுது. எண்பத்தெட்டுல அணைஞ்சுது.

மறுநாள் மேனேஜர்கிட்ட சொன்னாங்க. "உள்ள மிச்சம் மீதி கரண்ட் இருந்திருக்கும். லீவு வேணும்னா நேரா லீவுன்னு கேளும்மா"ன்னார்.

அன்னைக்கும் அஞ்சே முக்கால். எண்பத்தெட்டுல ஆரம்பிச்சு எழுபத்தொம்பதுல நின்னுச்சு. அடுத்த நாள் எழுபது. ஞாயித்துக்கிழமை லீவு... மனசு கேக்காம அன்னைக்கும் போய்ப் பாத்தாங்க. அறுபத்தொண்ணு. வீட்டுல இருப்பு கொள்ளல. அடுப்பை அணைச்சோமா, கதவைப் பூட்டினோமான்னு ராத்திரி பத்து தடவ எந்திரிக்கறது. "என்ன, குட்டி போட்ட பூனை மாதிரி சுத்தற?"ன்னு வீட்டுக்காரர் கேட்டார். காலண்டர் பின்னாடி கணக்குப் போட்டுப் பாத்தாங்க... ஒரு நாளைக்கு ஒம்பது மைல். அடுத்த சனிக்கிழமை பதினாறுல ஆரம்பிக்கணும்.

அந்த வாரம் பூரா அக்காவுக்கு ஒரே நெனப்புதான். அவர் வந்து நின்னு, பேஷன்ட் எந்திரிச்சானான்னு கேட்டா... இல்ல சார்னு பன்னெண்டாவது தடவ எப்படிச் சொல்றது?

சனிக்கிழமை அஞ்சு மணிக்கு எல்லாரும் கிளம்பிட்டாங்க. வாட்ச்மேன்கிட்ட மட்டும், "அண்ணே, நான் போற வரைக்கும் எங்கயும் போயிடாதீங்க"ன்னாங்க. ரூலாவது ஒண்ணாவதுன்னு கீழ்த்தட்டுப் பெட்டியைத் திறந்து கண்ணாடியை எடுத்தாங்க. டாக்டர் பெட்டியோட மேல்மூடியைக் கழட்டினாங்க. ஈயம் உருக்கற கம்பியைச் சூடு பண்ணி வச்சாங்க. அவர் வர்றதுக்குள்ள முடிச்சிடணும். ஆனா ஸ்க்ரூ ஒவ்வொண்ணா கீழ விழுது, தேடி எடுக்கறாங்க, மறுபடியும் விழுது. மணி பாத்தா...

அஞ்சே முக்கால். பதினாறு.

பதினஞ்சு. பதினாலு. அன்னைக்கு வேகமா குறையுது. ஒம்பது வந்தப்ப சத்தம் கேட்டுச்சு. ரொம்ப தூரத்துல, மேகத்துக்குள்ள. எஞ்சின் சத்தம்... சீரா இல்ல. ரெண்டு துடிப்பு, ஒரு விக்கல். ரெண்டு துடிப்பு, ஒரு விக்கல்.

வாட்ச்மேன் எட்டிப் பாத்தார். "மேடம், யாரோ எறங்க வர்றாங்க. இந்த மேகத்துல யாருக்குக் கிறுக்கு? நான் போய் ஓடுபாதை விளக்கைப் போடறேன்."

அவர் காதுலயும் விழுந்துடுச்சு. அதுவரைக்கும் அக்காவுக்கு ஒரு ஓரமா நம்பிக்கை இருந்துச்சு... எல்லாம் நம்ம மனப்பிராந்திதான்னு. அதுவும் போச்சு.

ஏழு. ஜன்னல் கண்ணாடி கிர்ருன்னு அதிருது. ஆறு. பெட்ரோல் வாசனை தொண்டையை அடைக்குது. அஞ்சு. செத்த கண்ணாடி இன்னும் பெட்டிலயேதான் இருக்கு, ஒரு ஒயர்கூட பிரிக்கல. நாலு.

பெட்டிக்குள்ள காசு அளவுல ஒரு பேட்டரி இருக்கும், ஞாபகத்தை வச்சுக்கறதுக்கு. என்ன நெனச்சாங்கன்னு அவங்களுக்கே தெரியல... ஸ்க்ரூ டிரைவரை அதுக்கு அடில குடுத்து ஒரே நெம்பு. பேட்டரி தெறிச்சு சுவத்துல பட்டு விழுந்துச்சு.

பச்சை வெளிச்சம் போச்சு.

எஞ்சின் சத்தமும் போச்சு. தேஞ்சு போகல... கயிறு அறுந்த மாதிரி, பட்டுன்னு.

அப்புறம் ரொம்ப தள்ளி, வடக்கால... மரம் முறியற சத்தம்.

வாட்ச்மேன் மூச்சு வாங்க ஓடி வந்தார். "மேடம், விளக்குப் போட்டுட்டேன்... ப்ளேன் எங்க?" அக்கா வடக்கால கையைக் காட்டினாங்க. அவரே போன் பண்ணி மீட்பு ஆளுங்களை வரவழைச்சு, வழி காட்ட வண்டில ஏறிக்கிட்டார். ஒரு மணி நேரத்துல காட்டுக்குள்ள கண்டுபிடிச்சிட்டாங்க. ஓடுபாதைல இருந்து நாலு மைல்.

பேப்பர்ல நாலே வரி வந்துச்சு. பதினாலு மாசமா காணாம இருந்த பல் டாக்டரோட ப்ளேன் கிடைச்சுது, உள்ள அவரோட எலும்புதான் மிச்சம், விழுந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆகுதுன்னு. அக்கா அந்த நாலு வரியைத் திரும்பத் திரும்பப் படிச்சாங்களாம். ஒரு வருஷத்துக்கு மேல. அப்ப அன்னைக்கு விழல. நம்ம கையால எதுவும் நடக்கல... அந்த ஒரு நெனப்புலதான் வேலையை விட்டுட்டு, ரெண்டு மாசம் தூங்கினாங்க.

அப்புறம் ஒருநாள் வாட்ச்மேன் வீட்டுக்கே வந்தார். தண்ணி குடுத்தாங்க, குடிக்கல. "பேப்பர்ல எல்லாத்தையும் போடல மேடம்"னார். கதவை உடைச்சப்ப உள்ள எலும்புதானாம். சட்டைக்குள்ள பாசி படிஞ்சிருந்துச்சாம். அதுல சந்தேகமே இல்ல.

ஆனா முறிஞ்சு கிடந்த கிளை எல்லாத்துலயும் இலை பச்சையா இருந்துச்சாம். அப்பத்தான் தூறல் ஆரம்பிச்சுது... எஞ்சின் மேல விழுந்த தண்ணி, உஸ்ஸுன்னு ஆவியாப் போச்சாம்.