மூன்றடிப் பத்தாயம், இரண்டேமுக்காலடி வாசல்

பழவங்காடிப் பிள்ளையார் சாட்சியாகச் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் சார்: இதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. நீங்கள் வாங்கித் தந்த சாயாவில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல்; அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முப்பது வருஷம் சர்க்காரில் கட்டடப் படம் வரைந்து ஓய்வு பெற்றவன் நான். தொண்ணூற்றெட்டில் வலியசாலைக்காரர்கள் ஏழு குடும்பமாகச் சேர்ந்து கரமனை ஆற்றோரம் நிலம் வாங்கினார்கள். ஏழு வீடு, நடுவில் முற்றம், எல்லோருக்கும் ஒரே சமையலறை. பிளான் என்னுடையது. மனிதர்கள் தாமாகக் கூடமாட்டார்கள், சார். கட்டடம்தான் கூட்டிவைக்க வேண்டும். அதனால் உலகம்மை வீட்டு விளக்குக்குச் சுவிட்சைப் பக்கத்து வீட்டு வேலப்பன் கூடத்தில் வைத்தேன்.

"வேலப்பா, லைட்டை அணைடே."

"ஒரு பாட்டுப் பாடுங்கக்கா, அணைக்கேன்."

முற்றமே சிரிக்கும்.

சாமான்களெல்லாம் உள்ளே வந்த பிறகுதான் மதிலும் வாசலும் கட்டினேன். வாசல் அகலம் உட்புறம் மூன்றேகாலடி, வெளிப்புறம் இரண்டேமுக்காலடி; உயரம் மூன்றரையடிதான், குனிந்துதான் நுழைய வேண்டும். வாஸ்துக் கணக்கு என்றேன். வாஸ்து என்று சொல்லிவிட்டால் நம் ஊரில் யாரும் டேப் எடுப்பதில்லை.

இரண்டாயிரத்தில் உலகம்மை காலிசெய்யப் புறப்பட்டாள். மகள் அஸ்வதிக்கு மதுரையில் பிரசவம். பயணம் கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தார். தாய்தான் போய்க் கூட இருக்க வேண்டும். உலகம்மையின் கல்யாணச் சீராக நாகர்கோவிலிலிருந்து வந்த பத்தாயம் ஒன்று இருந்தது. நெல் போட்ட மரப்பெட்டியில் இப்போது சேலை. எப்பக்கம் அளந்தாலும் மூன்றடி. எட்டுப் பேர் தள்ளினார்கள். வாசலில் ஆப்பு அடித்ததுபோல உட்கார்ந்துவிட்டது; முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. வேறு வாசல் கிடையாது. மதிலோ ஏழடி, மேலே கண்ணாடிச் சில்லு.

இரண்டு நாள், சார். ஆபீஸ் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. பால் கயிற்று வாளியில் இறங்கியது. நான்கு வருஷம் பேசாத மச்சினர்கள் எதிரெதிரே உட்கார்ந்து அவியலுக்குக் காய் நறுக்கினார்கள். வேலப்பன் பத்தாயத்தின் மேல் ஏறி நின்று, "இதுக்கும் ஒரு ரேஷன் கார்டு போடணும்வே, எட்டாவது குடும்பம்லா" என்றான். அப்படியொரு கும்மாளம் எந்தக் கல்யாண மண்டபத்திலும் நடந்ததில்லை.

உலகம்மை மட்டும் வாசலை விட்டு நகரவில்லை. "தூணை இடிங்க சாரே. எம்மவ ஒத்தைக்குக் கெடக்கா."

ஒற்றைச் செங்கல் தூண். சம்மட்டியால் கால் மணி நேர வேலை. கட்டியவனுக்குத் தெரியாதா?

"தூணைத் தொட்டா பிரசவத்துக்குத் தோஷமாக்கும், அம்மா" என்றேன். பிறகு அவள் கேட்கவில்லை.

மூன்றாம் நாள், அவள் அழுகை பொறுக்காமல் வேலப்பனே தூணை இடித்தான். அதற்குள் மதுரையில் பேரன் பிறந்துவிட்டான். அஸ்வதி இன்றுவரை தாயோடு பேசுவதில்லை.

ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். சேர்ந்து வாழ்வதைப்போல ஒரு சுகம் உண்டா, சார்?

விலாசம் கேட்டீர்களே: அந்த வளாகத்துக்கு எதிர்ப்புறம், தனி வீடு, பன்னிரண்டடி கேட்.