நெட்டை முழுங்கிய ஆள்

இதனால் துறைமுகப் பெருமக்களுக்கும், கப்பல் முகவர்களுக்கும், சுங்கத்துறையை நம்பி வாழும் சகல ஜீவராசிகளுக்கும் அறிவிப்பது யாதெனில், எங்கள் கிளியரிங் அலுவலகத்தில் இன்டர்நெட் மெதுவாக இருந்தது.

விஷயம் அவ்வளவுதான். நெட்டைச் சரிபார்க்க மதுரையிலிருந்து வந்த நீங்கள், "செந்தூர்வேல் சார், காரணம் உங்களுக்கு முன்னமே தெரியுமா?" என்று மரியாதையாகக் கேட்டதால் சொல்கிறேன். தெரியும். எனக்கு இதில் ஒரு லாபமும் இல்லை.

வாசலில் உப்பு கன்டெய்னர் காத்து நிற்கும். திரையில் சுங்கத்துறைப் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும். முதலாளி பொன்னுதுரை அண்ணாச்சி கத்துவார்: "எவம்ல நெட்ட முழுங்குதான்? எனக்கு ஆளு வேணும்."

காரணம் வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை.

ஆபீஸ் கணினிகளையெல்லாம் இணைக்கும் நெட்வொர்க் சுவிட்ச் ஒழுங்கான தபால்காரர் மாதிரி. அவரவர் கடிதத்தை அவரவர் வீட்டில்தான் போடும். எல்லோருடையதிலும் ஒரு பிரதி என் கணினிக்கு வரும்படி அதை மாற்றிக்கொள்ள அண்ணாச்சி அனுமதி கொடுத்தார். அதுவரை பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் மட்டும் என் ஞாபகம் வரும். அதன்பின் நான் நடந்து வந்தாலே செல்போன்கள் மேஜைக்கடியில் போயின. ஏசி அறையில் எனக்கொரு நாற்காலியும் வந்தது.

டீ வருவதற்குள் கண்டுபிடித்துவிட்டேன். அண்ணாச்சி ஆசை ஆசையாக மாட்டிய கேமராக்கள், பகல் முழுக்கத் தங்கள் பதிவுகளை இன்டர்நெட் வழியாக வெளியே ஏற்றிக்கொண்டிருந்தன. இரவுக்கு மாற்ற ஒரு கிளிக் போதும். ஆனால் அண்ணாச்சியின் கேமராதான் முழுங்குகிறது என்று அண்ணாச்சியிடமே யார் சொல்வது? என்னால் முடியவில்லை. அவர் கேட்டது ஆள்.

ஏற்றுமதிப் பத்திரங்கள் தயாரிக்கும் ஜெமிமாவைக் கொடுத்தேன். அவள் கணவன் இனிகோ மாலத்தீவுக்குச் சரக்குத் தோணியில் போகிறவன். கரை தொட்டதும் கூப்பிடுவான். அவள் ஆபீஸ் வைஃபையில் பேசுவாள். அது தின்றது ஒன்றுமே இல்லை. கேமராக்களின் கணக்கை அவள் கணினியின் பெயரில் மாற்றி பிரிண்ட் எடுத்தேன். பேப்பர்கூட சிக்கவில்லை.

அண்ணாச்சியின் அறைக்குக் கூப்பிட்டதும் அவள் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "அண்ணே, நீங்கதான எல்லாத்தையும் பாக்கிய? கரை சேந்துட்டியளான்னு கேக்கதுக்கா இம்புட்டு ஆவும்? சொல்லுங்கண்ணே."

"மெசின் பொய் சொல்லாது, தங்கச்சி."

அதில் தவறில்லை. மெசின் சொல்லவில்லை.

"ஏளா, மாப்பிள்ளகூட கொஞ்சுததுக்கு என் நெட்டா?" என்றார் அண்ணாச்சி. "பைய எடுத்துட்டுக் கெளம்பு."

வாசலில் என்னிடம் மெல்லக் கேட்டாள்: "இன்னைக்கு அவுக மாலேயில எறங்குதாக. கடல் வேற சரியில்லையாம். ஒரே ஒரு மெசேஜ் பாத்துக்கிடுதேன்ணே."

அவள் போனை அதற்கு முன்பே வைஃபையிலிருந்து தூக்கிவிட்டிருந்தேன். விதி என்றால் எல்லோருக்கும் ஒன்றுதானே.

அவள் போன பிறகும் நெட் மெதுவாகவே இருந்தது. அதனால் என் கண்காணிப்பும் தொடர வேண்டியதாயிற்று. எனக்கு வேறு வழி இல்லை.

இன்று நீங்கள் அந்த ஒரு கிளிக்கைச் செய்துவிட்டீர்கள். ஜெமிமாவைத் திரும்பக் கூப்பிடலாமே என்கிறீர்கள். எனக்கு ஆட்சேபணையே இல்லை, சார். ஆனால் நான் என்ன செய்ய முடியும்? அவள் நாற்காலி காலியாக இல்லையே.

அதில் என் மனைவி சந்தனச்செல்வி உட்கார்ந்திருக்கிறாள்.