எட்டுக்கும் சமபங்கு

...கேக்குறான் பாருங்க தம்பி கடைக்காரன், அத்தன பேருக்கு முன்னாடி, "மவுஸுக்கு அஞ்சாயிரமா சார்? அந்தக் காசை ப்ராசசர்ல போடலாமே"ன்னு. ஏன், மவுஸ் என்ன பாவம் பண்ணுச்சு? நாள் முழுக்கக் கையில கெடந்து தேயுறது அது. ப்ராசசர் உள்ள ஃபேன் காத்துல சொகமா ஒக்காந்திருக்கு.

ஒக்காருங்க, ஒக்காருங்க. உங்க டோக்கன் எத்தன... நாப்பத்தொண்ணா? இப்பத்தான் முப்பத்தாறு ஓடுது. கையில என்ன, லிஸ்ட்டா? நீங்களும் கம்ப்யூட்டர்தானா? அப்ப நீங்க கேட்டுத்தான் ஆகணும்.

நான் முப்பது வருஷம் தராசு சோதிக்கிற உத்தியோகத்துல இருந்தவன். கடை கடையா ஏறி, முள்ளு நடுவுல நிக்குதான்னு பாக்குறதுதான் வேலை. அந்தக் கண்ணால பாத்தா இவங்க சொல்ற வெலையெல்லாம் அக்கிரமம். ப்ராசசர் எத்தன பெருசுன்னு நெனக்கிறீங்க? ஒரு பிஸ்கட். அதுக்குப் பதினெட்டாயிரம். பவர் சப்ளை செங்கல் கனம் கனக்குது, அதுக்கு மூவாயிரமாம். கேக்க ஆளில்லன்னா இப்படித்தான்.

என் சின்ன மகளுக்குத்தான் கம்ப்யூட்டர். வீட்டுல ஒக்காந்து கம்ப்யூட்டர்ல வீட்டு பிளான் வரையிறவ. ஒரு இன்ஜினியர் சொல்லிட்டாராம், வர்ற திங்கக்கெழமை ஒரு மாடி வீட்டைத் திரையில சுத்திச் சுத்திக் காட்டிட்டா, இனிமே அவங்க கம்பெனி வேலை பூரா இவளுக்குத்தான்னு. அந்த நேரம் பாத்து பழைய கம்ப்யூட்டர் மண்டையப் போட்டுச்சு. மானிட்டர் மட்டும் தப்பிச்சுது. கையில இருந்தது நாப்பதாயிரம். எட்டு சாமான் லிஸ்ட் எழுதிக் குடுத்தா. வாங்கிப் பாக்குறேன்... ப்ராசசருக்குப் பதினெட்டாயிரம், மவுஸுக்கு முந்நூறு. இது என்ன நியாயம் தம்பி? ஒரே பொட்டிக்குள்ள குடும்பம் நடத்தப் போறதுங்க. ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பு வச்சா உருப்படுமா?

உங்களுக்குச் சிரிப்பா இருக்கும். பட்டவனுக்குத்தான் தெரியும். எங்கப்பா எங்கண்ணனுக்கு சைக்கிள் வாங்குனாரு. நான் அழுதேன்னு எனக்கு மணி வாங்கிக் குடுத்தாரு. மணி மட்டும். சைக்கிள் இல்லாம. ரெண்டு வருஷம் அதைக் கையில வச்சு அடிச்சுக்கிட்டே தெருவுல ஓடுனேன், ஜனங்க வழி வேற விட்டாங்க. அன்னைக்கு முடிவு பண்ணேன், என் கையால யாருக்கும் ஓரவஞ்சன நடக்கக் கூடாதுன்னு.

அதனால லிஸ்ட்டைப் பாக்கெட்டுல போட்டேன். எட்டு சாமான், தலைக்கு அஞ்சாயிரம். கணக்கு முடிஞ்சுது. "அஞ்சாயிரத்துக்கு கேபினெட் காட்டு"ன்னேன், கண்ணாடிக் கதவும் மூணு ஃபேனுமா ஒண்ணக் கொண்டாந்து வச்சான். கீபோர்டு நெறம் மாறி மாறி எரியுது. மவுஸுக்குப் பன்னெண்டு பட்டன், அவ ஒரு கைக்கு அஞ்சு வெரல்தானே, மிச்சத்த எதால அமுக்குவான்னு நானும் யோசிச்சேன், ஆனா அது அவ பாடு. அஞ்சாயிரத்துக்கு ப்ராசசர்னு கேட்டதும்தான் கடைக்காரன் உள்ள போயிட்டு ரொம்ப நேரம் வரல. எதையோ தூசி தட்டி எடுத்தாந்தான்.

ஓடுச்சா... ஓடாம என்ன. கல்யாண வீடு மாதிரி ஜொலிச்சுது. ஆனா அவ அந்த மாடி வீட்டைத் தெறந்தா, காலையில படிக்கட்டு வருது, மத்தியானம் சாப்ட்டு வந்தா ஒரு சன்னல் வருது. சுவரு வரவேயில்ல. சுத்திக் காட்டுறதாம், அது நின்ன எடத்துலயே மூச்சு வாங்குது. சின்னவ ஒரு வார்த்த திட்டல. "பரவால்லப்பா, ஒரு வாரத்துக்குள்ள திருப்பி எடுத்துக்குவாங்களாம், மவுஸ், கீபோர்டு, கேபினெட்டைக் கொறஞ்ச வெலையில மாத்திக்கிட்டு, மிச்சத்துல நல்ல ப்ராசசரா மாத்திட்டு வாங்க"ன்னா. சொல்லிட்டு உள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டு அழுதா. எனக்குக் கேட்டுச்சு. இன்னைக்கு ஏழாம் நாளு.

அதுக்குத்தான் வந்தேனா? அதுக்குத்தான் கெளம்புனேன். கெளம்புற நேரத்துல பெரியவ ஃபோன் பண்றா. "தங்கச்சிக்கு மட்டும் கம்ப்யூட்டரா, எனக்கு ஒண்ணும் இல்லையாப்பா?"ன்னா. வெளையாட்டுக்குத்தான் கேட்டா, தெரியும். ஆனா எனக்குச் சுருக்குன்னுச்சு. அவ நீச்சல் சொல்லிக் குடுக்குறவ, அவளுக்குக் கம்ப்யூட்டர் எதுக்குன்னு கேப்பீங்க. தேவை வேற, பங்கு வேற தம்பி. பேங்குல மிச்சம் இருந்ததும் சரியா நாப்பதாயிரம். அதே எட்டு சாமான், தலைக்கு அஞ்சாயிரம். இன்னொரு செட்டு சொல்லிட்டேன். இப்ப சின்னவளோடத மட்டும் நல்லதா மாத்துனா, பெரியவளோடது மட்டமாப் போயிடும் இல்ல? அதனால அதையும் மாத்தல.

எங்க எந்திரிச்சிட்டீங்க? இன்னும் முப்பத்தெட்டுதான... லிஸ்ட்டை ஏன் உள்ள வக்கிறீங்க, குடுங்க, நான் பிரிச்சுத் தர்றேன்... தம்பி... தம்பி...

போயிட்டான். சொல்ல வந்ததையே கேக்கல. இவன் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் பெரியவகிட்ட ஃபோன்ல சொன்னேன், உனக்கும் வாங்கியாச்சும்மான்னு. "ஐயோ, அந்தக் காசைத் தங்கச்சி ப்ராசசருக்குப் போடக் கூடாதா, திங்கக்கெழமை அவ என்னப்பா பண்ணுவா"ன்னு கேட்டுட்டு, அவளும் அழ ஆரம்பிச்சிட்டா. உள்ள பேக் பண்ணிட்டிருக்காங்க. ரெண்டு பேரும் அழுதாச்சு, ஒருத்திக்குக் கூடவும் இல்ல, ஒருத்திக்குக் கொறையவும் இல்ல.