பாதி இறங்கிய இரும்பு நாக்கு

உங்கள் ஸ்டேஷனின் விபத்து அறிக்கையை இரண்டு முறை படித்தேன், சார். நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். மூன்றாம் பக்கத்தில் மட்டும் ஒரு தவறு. 'கியர்பாக்ஸ் மாற்றியவரின் கவனக்குறைவு' என்று இருக்கிறது. இருபத்தாறு வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன். அந்த ஒரு வரிக்காகத்தான் நானாகவே வந்தேன்.

என் தங்கை கணவரின் டீசல் பிக்கப்பில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கருகிப்போயிருந்தது. விபத்தில் நொறுங்கிய பெட்ரோல் பிக்கப் ஒன்றை இழுத்துவந்து, "இதுல இருக்கறதக் கழட்டி அதுல மாட்டிடுங்க மச்சான். ஒரே கம்பெனிதானே?" என்றார்.

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். டீசல் எஞ்சின் மெதுவாகச் சுற்றி முரட்டுத்தனமாகத் தள்ளும். பெட்ரோலுக்கு வேகமாகச் சுற்றினால்தான் பலம் வரும். அதனால் எஞ்சினோடு சேரும் முன்கூடு வேறு, எண்ணெய் வழியாகச் சுழற்சியைக் கடத்தும் கன்வெர்ட்டர் வேறு, எப்போது கியர் மாற வேண்டும் என்று சொல்லும் கம்ப்யூட்டரும் வேறு. எல்லாவற்றையும் டீசலுக்கு ஏற்றபடி மாற்றினேன். கன்வெர்ட்டரைக் கையால் சுற்றி உள்ளே தள்ளும்போது மூன்று முறை 'டக்' என்று இறங்க வேண்டும். இரண்டோடு விட்டால் பம்ப் உடையும். எனக்கு மூன்றும் கேட்டது.

தங்கை வந்து எட்டிப்பார்த்தாள். "என்னண்ணா, ஒவ்வொரு போல்ட்டுக்கும் பேர் வெச்சுக் கொஞ்சிட்டிருக்கியா? திங்கக்கிழமை நாங்க கிளம்பணும்."

நானூறு கிலோமீட்டர் தள்ளி, வேறு ஊருக்கு. அப்பா அம்மா போன பிறகு அவளை வளர்த்தவன் நான். கிளம்புவதை அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பை அவள் கணவர்தான் பழக்கியிருக்க வேண்டும்.

வேலையை மறுத்திருக்கலாமே என்பீர்கள். வேறொருவன் அரைகுறையாகச் செய்து கொடுத்திருப்பான்.

கடைசி வேலை, கியர் லிவரின் கேபிள். லிவரை 'பார்க்'கில் வைத்தால் பெட்டிக்குள் ஓர் இரும்பு நாக்கு பல்சக்கரத்தின் இடுக்கில் விழுந்து வண்டியைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு வண்டிகளிலும் கேபிளைத் தாங்கும் கொக்கியின் இடம் வேறு. அளவு பிசகினால் லிவர் 'பார்க்'கைக் காட்டும், நாக்கு பாதிதான் இறங்கியிருக்கும். சமதரையில் வண்டி நிற்கும். சரிவில், பாரத்தோடு, எஞ்சின் அதிர்ந்துகொண்டிருந்தால் நழுவும்.

முதலில் சரியாகத்தான் வைத்தேன். பிறகு கேபிளைச் சிறிது பின்னால் தள்ளினேன். மணல் மூட்டைகளை ஏற்றிப் பட்டறைச் சரிவில் நிறுத்திப் பார்த்தேன். நழுவ நாற்பது வினாடி. முப்பத்தைந்து. நாற்பத்திரண்டு.

அவர்கள் வீட்டு முற்றம் கேட்டை நோக்கிச் சரியும். அவர் எஞ்சினை அணைக்காமல் இறங்கிப்போய்க் கேட்டைத் திறப்பார். பூட்டு துருப்பிடித்தது, ஒரு நிமிடமாவது ஆகும். "ஹேண்ட்பிரேக் போடுங்க மாப்பிள்ளை" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். மூன்று முறை சொன்னேன்.

"அதெல்லாம் பயந்தாங்கொள்ளிங்களுக்கு மச்சான்" என்றார். அது அவர் எடுத்த முடிவு.

திங்கட்கிழமை காலை பத்து மணி. வண்டி நிறைய வீட்டுச் சாமான். தங்கை முன் சீட்டில் இருந்தாள், அவர் வண்டிக்கு முன்னால் கேட்டுப் பூட்டோடு மல்லாடிக்கொண்டிருந்தார். கேட்டுக்கு ஆறடிதான், உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் ஆகாது, அளந்திருந்தேன். வண்டி நகர்ந்தபோது அவள் கத்தினாள். எது பிரேக் என்று அவளுக்குத் தெரியாது. நான் அவளுக்கு ஓட்டக் கற்றுத்தரவே இல்லை.

ஆக, அது கவனக்குறைவு இல்லை. நான்தான் அவரைக் கொன்றேன், அளவு பார்த்து.

தங்கை இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். போன வாரம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஹேண்ட்பிரேக்கப் பத்தி அன்னைக்கு ஏண்ணா அத்தன தடவ சொன்ன?" பொறுமையாக விளக்கினேன். அதற்குப் பிறகு பகலிலும் அறையை உள்ளே தாழிட்டுக்கொள்கிறாள். அவ்வளவு களைப்பு, பாவம்.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? கொஞ்சம் சீக்கிரம் முடித்தால் நல்லது. நான் வீட்டில் இல்லாவிட்டால் அவள் பயப்படுவாள்.