நான் எடுத்தது என் பொருளை மட்டும்

மேஸ்திரி எனக்குத் தர வேண்டியிருந்தது நாற்பத்தோராயிரத்து முந்நூற்றைம்பது. அவர் என் மெக்கானிக் ஷெட்டுக்கு வந்தபோதெல்லாம் நான் வாங்கிக் கொடுத்த டீயை இதில் சேர்க்கவில்லை. டீயைக் கணக்கில் வைக்கிற ஆள் நானில்லை.

நடந்ததை நடந்தபடி எழுது என்று ஸ்டேஷனில் பேப்பரைக் கொடுத்தீர்கள், ஐயா. எழுத்து எனக்கு முடி நரைத்த பிறகு வந்தது. மெதுவாகத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது பழைய பிக்கப். நாலு சக்கரமும் இழுக்கிற வகை. ஏலத்தில் அடிமாட்டு விலைக்கு எடுத்து, லாரிக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார் மேஸ்திரி. மலைமேல் அவருக்குக் கட்டட வேலை. ஜல்லி, சிமெண்டு, ஆட்கள் எல்லாம் அதில்தான் ஏற வேண்டும்.

"செலவை இழுத்து விட்டுடாதப்பா. ஆனா வண்டி நிக்கிற நிப்புல நாலு பேரு திரும்பிப் பாக்கணும்" என்றார்.

யானை வாங்கியவன் அங்குசத்துக்கு அழுத கதைதான். எதைக் கேட்டாலும் "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்பார். நானும் செய்தேன். இரண்டு உடைந்த கியர் பெட்டிகளைப் பிரித்து ஒன்றாகச் சேர்த்தேன். துருப்பிடித்து ஓட்டையான தரையை எண்ணெய் பீப்பாய்த் தகட்டால் அடைத்தேன். காயலான் கடையில் லாரி ஸ்பிரிங் பட்டைகள் பொறுக்கி வந்து, அறுத்து, துளை போட்டு, வண்டியை அரைச் சாண் உயர்த்தினேன். பிறகு பெரிய டயர். பார்க்க ஜம்மென்று நின்றது. அதை நான் மறுக்க மாட்டேன்.

வண்டியை உயர்த்தினால் ஒன்று செய்தாக வேண்டும். அச்சு கீழே போகிறது, அடிச்சட்டம் மேலே போகிறது. இரண்டுக்கும் நடுவே பிரேக் எண்ணெய் போகிற ரப்பர் ஹோஸ் அதே நீளத்தில் இருந்தால் போதாது. சமதரையில் ஒன்றும் தெரியாது. பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போதுதான் ஹோஸ் இழுபடும். பழைய வண்டி வேறு. ஒரு ஹோஸ் போனால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் கிடையாது.

"பிரேக் பிடிக்குதுல்ல? அப்புறம் எதுக்குப் புதுசு?" என்றார் மேஸ்திரி.

எனக்கு மனம் ஒப்பவில்லை. உதிரிபாகக் கடையில் என் பெயருக்குக் கடன் சொல்லி, நீளமான ஹோஸ் மூன்று வாங்கி மாட்டினேன். இரண்டாயிரத்து எண்ணூற்றைம்பது. கைப்பிரேக் கேபிளும் அறுந்து கிடந்தது. அதையும் வேண்டாம் என்றார். அதற்கு நான் கைக்காசு போடவில்லை. எதற்கும் ஒரு எல்லை உண்டு.

வண்டியை எடுத்துக்கொண்டு போனவர் பணத்தை மறந்துவிட்டார். "பில்லு பாஸ் ஆகட்டும்." "நான் என்ன ஓடியா போறேன்?" ஒருமுறை சைட்டுக்கே போய் நின்றேன். நான் உயர்த்திய வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு, விலகச் சொல்லி ஹாரன் அடித்தார். கூலியாட்கள் சிரித்தார்கள்.

உதிரிபாகக் கடைக்காரன் தெருவில் நின்று என்னிடம் கடனைக் கேட்டான். ஷெட்டுக்கு வாடகை நின்றது. மனைவியின் தையல் மெஷின் அடகுக்குப் போனது. "ஊரான் வண்டியெல்லாம் ஓட வெக்கிறீங்க. நம்ம வீட்டு அடுப்பு மட்டும் மக்கர் பண்ணுதே, அதையும் கொஞ்சம் பாருங்க" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அந்த வாரமே அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த பிக்கப் மட்டும் தினமும் காலையில் என் ஷெட்டைத் தாண்டிப் போகும். பார்க்காமலே சத்தத்தில் தெரியும். நான் கோர்த்த கியர் ஆயிற்றே.

பிறகு ஒருநாள் முன் லைட் எரியவில்லை என்று வண்டியை அனுப்பி வைத்தார் மேஸ்திரி. காசு கொடுத்து அனுப்பவில்லை. டிரைவர் கொண்டுவந்தான். உயரமான ஆள், ஸ்டியரிங்கில் முட்டி இடிக்க உட்கார்ந்து ஓட்டுவான். எல்லோருக்கும் அவன் நெட்டை. நல்ல பையன். அவனைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

"லைட்டைப் பாருங்கண்ணே. டீ குடிச்சிட்டு வந்துடறேன். உங்களுக்கும் சொல்லவா?"

"வேண்டாம்" என்றேன்.

லைட் ஒரு ஒயர் வேலை, உடனே முடிந்தது. நான் வண்டிக்கு அடியில் போனேன். ஹோஸ் மூன்றும் என் பொருள். காசு கொடுக்காத பொருள் வாங்கியவனுடையது ஆகாது. இதற்குச் சட்டம் படிக்க வேண்டியதில்லை. மூன்றையும் கழற்றினேன். வண்டியின் பழைய ஹோஸ்கள் என் ஓட்டை டப்பாவில் கிடந்தன. அவை அவருடையவை. அவற்றைத் துடைத்து மாட்டினேன். அவர் பொருள் அவருக்கு, என் பொருள் எனக்கு.

ஹோஸ் மாற்றினால் உள்ளே புகுந்த காற்றை எடுக்க வேண்டும். அதற்கு ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதிக்க வேண்டும். நெட்டை திரும்பி வந்தான். ஏறி உட்காரச் சொன்னேன்.

"மிதி. பிடி. விடு."

நான் அடியிலிருந்து சொல்லச் சொல்ல அவன் மிதித்தான். நாலு சக்கரத்துக்கும் ஒழுங்காகக் காற்று எடுத்தேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. பிரேக் மிதி கல் மாதிரி நின்றது.

"லைட்டுக்கு வந்தா பிரேக்கையும் பாத்துக் குடுக்குறீங்க. எங்க மேஸ்திரிக்கு நீங்க ரொம்ப அதிகம்ணே" என்று சிரித்தான். "நாளைக்கு ஆளுங்கள ஏத்திட்டு மேல போறேன். எல்லாம் சரிதானே?"

"சரிதான்" என்றேன். அந்த நேரத்தில், அந்தத் தரையில், அது பொய் இல்லை.

சொல்லியிருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். சொன்னால் அவன் மேஸ்திரிக்குப் போன் போடுவான். மேஸ்திரி வந்து சிரிப்பார், திரும்ப மாட்டு என்பார், நாளைக்குப் பார்க்கலாம் என்பார். எனக்கு அந்த 'நாளைக்கு' போதும் போதும் என்றாகிவிட்டது.

அந்த மலைப்பாதை எனக்குத் தெரியுமா என்றும் கேட்டீர்கள். தெரியும். வண்டியை உயர்த்திய வேலை முடிந்தபோது நெட்டையோடு ஒருமுறை சோதித்துப் பார்க்கப் போனேன். இறக்கத்தில் ஒரு வளைவு, குறுக்கே வாய்க்கால். அங்கே பின்சக்கரம் தொங்கியது. நிறுத்தச் சொல்லி, இறங்கிக் குனிந்து பார்த்தேன். புது ஹோஸே இழுபட்டு இரண்டு விரல் தொய்வுதான் மிச்சமிருந்தது. பழையது அதைவிட அரைச் சாண் குட்டை. இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் விட்டு, எஞ்சின் பிடிப்பே இல்லாமல் ஓட்டுவான் என்பதும் தெரியும். மேஸ்திரி டீசலை அளந்துதான் ஊற்றுவார். அது என் தவறு இல்லை.

மறுநாள் மதியம் செய்தி வந்தது. நெட்டையும், பின்னால் நின்றிருந்த மூன்று பேரும் செத்துப்போனார்கள். அதில் இருவர் பெண்கள். அடுப்பு எரியாத வீட்டில் பசியோடு இருந்தேன். எழுந்து போய் ஷெட்டைப் பெருக்கினேன்.

பொழுது சாயும் நேரம் மேஸ்திரி பின்வழியாக வந்தார். முகம் வெளுத்திருந்தது. முதல்முறையாக என்னைத் தம்பி என்றார்.

"தம்பி, யாராவது வந்து கேட்டா அந்தக் கைப்பிரேக் கேபிள் பேச்சை எடுக்காதப்பா. நான் வேணாம்னு சொன்னதா இருக்க வேணாம். இந்தா, உன் பாக்கி. முழுசா இருக்கு."

எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தோராயிரத்து முந்நூற்றைம்பது, சரியாக இருந்தது. அதிலிருந்து இரண்டாயிரத்து எண்ணூற்றைம்பதை எடுத்து அவர் கையில் திருப்பிக் கொடுத்தேன்.

"எதுக்குப்பா இது?"

"ஹோஸ் மூணும் எங்கிட்டதான் இருக்குங்க. நேத்து கழட்டிட்டேன். அதுக்கும் சேத்துக் காசு வாங்கினா தப்பு."

அவர் அந்த நோட்டுகளைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போனார். அங்கிருந்து நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறார். அவர் சொன்னது அத்தனையும் உண்மை, ஐயா. நான்தான் கழற்றினேன், தெரிந்தேதான் கழற்றினேன். கீழே கையெழுத்தும் போட்டுவிடுகிறேன். கடைக்காரனுக்கு அன்றைக்கே அடைத்துவிட்டேன், ஷெட் வாடகையும் கொடுத்துவிட்டேன். இப்போது யாருக்கும் நான் ஒரு காசு பாக்கியில்லை.