அப்பாவின் சம்மதம்

அப்பாவுக்குத் தேத்தண்ணியில் இரண்டு கரண்டி சீனி போட வேண்டும். முதியோர் காப்பகத்தில் ஒன்றுதான் போடுகிறார்களாம். நீங்கள் விசாரிக்க வந்ததைப் பேசுமுன் இதை எழுதிக்கொள்ளுங்கள். அவரால் வாய் திறந்து கேட்க முடியாது.

என் பெயர் தக்சிகா. தொண்ணூறில் அப்பா செல்வராசா என்னைத் தோளில் வைத்துக்கொண்டு மன்னார்ப் பக்கம் பேசாலையிலிருந்து படகில் இங்கே வந்து இறங்கினார். எனக்கு நான்கு வயது. அம்மா இல்லை. மண்டபம் அகதி முகாமில் அவர்தான் என்னை வளர்த்தார். அதை நான் மறந்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

இரண்டு வருடத்துக்கு முன் அவருக்கு மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது. பேச்சு போயிற்று. தலையசைக்கவும் முடியவில்லை. வலது கை விரல்களில் மட்டும் நூலளவு அசைவு மிச்சம் இருந்தது. பயிற்சி கொடுக்க வரும் மகேஸ்வரி, ஒரு கல்லூரியில் செய்த இயந்திரக் கையுறையைக் கொண்டுவந்து மாட்டினார்.

"அவரா மடக்கப் பாத்தாத்தான் மோட்டார் தொணைக்கு வரும். இந்தப் பச்சைப் பொத்தான் பயிற்சிக்கு மட்டும். அமுக்குனா அவர் நினைக்காட்டியும் கை மூடிக்கும், பாத்துக்கங்க."

அதன்பிறகு வீட்டில் பேச்சுத் திரும்பியது. ஆம் என்றால் கையை மூடுவார். இல்லை என்றால் விரித்தபடி விட்டுவிடுவார். "தேத்தண்ணி வேணுமோ அப்பா?" என்றால் மெதுவாக மூடும். "ஊருக்குப் போவமோ?" என்றால் நான் கேட்டு முடிக்குமுன் மூடிவிடும்.

என் கணவர் சிவரூபன் போன வருடமே மன்னாருக்குத் திரும்பி வீடு கட்டினார். எங்களுக்கும் ஊர் திரும்ப அனுமதி வந்தது. கூட ஓர் ஆள் இருந்தால் அப்பாவை விமானத்தில் கூட்டிப்போகலாம் என்றுதான் டாக்டர் சொன்னார். சிவரூபனிடம், அப்பாவைக் கூட்டிவர ஏலாதாம் என்று சொன்னேன். அது முழுப் பொய் இல்லை. ஏலாதது எனக்கு.

சம்மதமில்லாமல் யாரையும் காப்பகத்தில் சேர்க்க மாட்டார்கள். அங்கிருந்து சேதுலட்சுமி என்ற பெண் வந்து, அப்பாவின் முன்னால் குனிந்து கேட்டார்.

"அய்யா, மக ஊருக்குப் போகுது. நீங்க இங்கன எங்ககூட இருந்துக்கிறீங்களா? சம்மதம்னா கையை மூடுங்க. இல்லைன்னா அப்படியே விட்ருங்க."

நான் கட்டிலோரம் நின்றேன். கையுறையோடு கம்பியில் இணைந்த, பச்சைப் பொத்தான் உள்ள பெட்டி என் கையில் இருந்தது. அப்பாவின் கை விரிந்தபடியே இருந்தது. சேதுலட்சுமி இன்னொரு தரம் கேட்டார். விரல்களை இன்னும் அகல விரிக்க அவர் பாடுபடுவது எனக்குத் தெரிந்தது. பொத்தானை அமுக்கினேன். மோட்டார் முனகியது. விரல்கள் நடுங்கி நடுங்கி, ஒவ்வொன்றாக மடங்கின. அவர் தன் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ரொம்ப சந்தோசம்யா" என்று சேதுலட்சுமி அந்தக் கையைத் தட்டிக்கொடுத்தார்.

மறுநாள் கையுறையை மகேஸ்வரியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இனி இவருக்குத் தேவைப்படாது, வேறு யாருக்காவது உதவட்டும் என்றேன். எது அவருடைய முயற்சி, எது பொத்தான் என்று அந்தப் பெட்டி பதிந்து வைக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அதைப் பார்த்துத்தான் மகேஸ்வரி உங்களிடம் வந்திருக்கிறார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆமாம், அன்றைக்குச் சம்மதம் சொன்னது நான்தான்.

ஆனால் நீங்கள் நினைப்பதுபோல் அப்பாவுக்கு என்மேல் வருத்தம் எதுவும் இல்லை. நேற்றுக் காப்பகத்தில் கையுறை இல்லாத அவர் வலது கையைப் பிடித்துக்கொண்டு, "போயிட்டு வாறன் அப்பா" என்றேன். வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். மனதில் ஏதாவது இருந்திருந்தால் அவர் கையை இழுத்துக்கொண்டிருப்பார்.